வடக்கறையின் இரண்டடி

நாச்சிமுனை
2024 செப்டெம்பர் 8

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

புதன்கிழமை நான் இலங்கைத்துறைக்கு ஒரு வள்ளத்தின் இயந்திரம் திருத்தப் போயிருந்த நேரம் பார்த்து நீங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். கூட இரண்டு பேர். நாச்சிக் கோட்டையைச் சுற்றி நாடா பிடித்து அளந்தீர்களாம். அதோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கோட்டையிலிருந்து நாற்பது கவடு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டையும் வெளிப்பக்கமாக அளந்திருக்கிறீர்கள். ஜெயரூபி தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட, நேரமில்லை என்று சொல்லிவிட்டு, வடக்கறையைத் திறக்கச் சொன்னீர்களாம். தேத்தண்ணிக்கு இல்லாத நேரம் அறைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பூட்டின் திறப்பு என்னிடம் இருப்பதாக அவள் சொன்னது பொய். அது அவளுடைய மடியில்தான் இருந்தது. உங்களை நம்பித் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வைகாசியில் தொல்பொருள் கந்தோர்க்காரர் கோட்டை வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். கோட்டையும் அதைச் சேர்ந்த கட்டடங்களும் பாதுகாக்கப்பட்ட இடமாகப் பதியப்படும் என்று. சேர்ந்த கட்டடம் என்றால் எது? ஊர் முழுக்க எங்கள் வீட்டை மாளிகை என்றுதான் சொல்கிறது. நாச்சி என்ற வன்னிச்சி கோட்டையில் இருந்து ஆண்டாள், மாளிகையில் இருந்து சாப்பிட்டாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மாளிகையும் பதியப்பட்டால் நானும் ஜெயரூபியும் இரண்டு பிள்ளைகளும் எங்கே போவது?

வீடு உங்கள் சீதனம். உறுதி உங்கள் பெயரில். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருபது வருசமாக ஓடு மாற்றியது நான். எங்களை எழுப்பவேண்டும் என்றால் நேரே சொல்லுங்கள், நாடாவால் சொல்லவேண்டாம்.

போன் எடுக்காதீர்கள். போன வருசம் நான் கோபத்தில் கதைத்ததைப் பதிந்து, பெரியம்மா வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினீர்கள். கடிதம் என்றால் நான் எழுதினதை மட்டும்தான் காட்டலாம். பஸ் ஓட்டும் றிஸ்வியிடம் கொடுத்துவிடுகிறேன். தபால்கந்தோரில் கொடுத்தால் பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

தனஞ்சயன்


உவர்மலை, திருகோணமலை
2024 செப்டெம்பர் 14

தம்பி,

கடிதம் கிடைத்தது. உறையின் வாய் இரண்டு தரம் ஒட்டப்பட்டிருந்தது, இரண்டாம் தரம் சோற்றால். றிஸ்வியைச் சந்தேகப்படவா, உன் மனிசியைச் சந்தேகப்படவா என்று தெரியவில்லை. இனிமேல் நான் பதிவுத் தபாலில்தான் அனுப்புவேன்.

நான் ஏன் வந்தேன் என்று கேட்டாய். படவரைஞராக முப்பத்தைந்து வருசம் வேலை செய்து இளைப்பாறினவள் நான். கோட்டையையும் மாளிகையையும் அளந்து படம் கீற ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே போய்க் கேட்டு வாங்கினேன். வேறு யாராவது வந்தால் கோட்டைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டுவிட்டுப் போய்விடுவான். கோட்டின் எல்லை கோட்டை அகழியோடு நிற்கவேண்டும், மாளிகை தனி வீடு, இன்னொரு காலத்துக் கட்டடம் என்று நான் காட்டப்பார்க்கிறேன். அதற்கு ஒவ்வொரு அளவும் சரியாக இருக்கவேண்டும். ஒன்று பிழைத்தாலும் முழுப் படத்தையும் தூக்கி எறிவார்கள். ஒக்டோபர் 31 கடைசி நாள்.

இப்போது நான் கேட்கிறேன். 1986இல், வேலை பழகும் காலத்தில், இதே கோட்டையை நான் படம் கீறினேன். அந்தப் படம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. வடமேற்குக் கொத்தளத்தின் உள்முகத்தில் பதினாறு வரி முருகைக்கல், வரிக்குப் பதின்மூன்று, ஆகமொத்தம் இருநூற்றெட்டுக் கல். ஒவ்வொன்றிலும் அந்தக் காலத்துக் கொத்தன் வெட்டின அடையாளம், சேவல் காலடி மாதிரி மூன்று கீறல். கோட்டையில் வேறெங்கும் அந்த அடையாளம் இல்லை. புதன்கிழமை போய்ப் பார்த்தால் அந்த முகம் முழுதும் வெறும் மண்.

நிலாவெளியில் புதிதாக எழும்பும் விடுதிகளுக்குப் பழைய கல் கேட்டு ஆட்கள் அலைகிறார்கள். நீ யாருக்குக் கொடுத்தாய்? கோட்டைக் கல் எடுப்பது உன் மனிசியின் வீட்டுக்குப் புதிதில்லை. 1987இல் அவளுடைய தகப்பன் சிவகுருநாதன் கல்லெடுத்தார் என்று அப்பாவே கந்தோருக்கு முறைப்பாடு எழுதினவர். கோட்டைக் காவலாளியாக இருந்த முப்பது வருசத்தில் அப்பா எழுதின ஒரேயொரு முறைப்பாடு அதுதான். எந்த இடத்துக் கல், எத்தனை கல் என்று அவர் எங்களுக்குச் சொன்னதில்லை.

யசோதரா


நாச்சிமுனை
2024 செப்டெம்பர் 19

அக்காவுக்கு,

உறையைத் திறந்து திரும்ப ஒட்டினது நான்தான். எழுதின ஒரு வரியை வெட்டவேண்டியிருந்தது. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு, அதை ஏன் வெட்டினேன் என்று இருக்கிறது.

ஒரு கல் நான் தொட்டதில்லை. 2004 மார்கழியில் கடல் வந்து கோட்டைக்குள் நுழைந்து போனதை நீங்கள் நகரத்தில் இருந்து ரீவியில் பார்த்தீர்கள், நாங்கள் பனையில் ஏறி நின்று பார்த்தோம். அது கொண்டுபோனதற்குக் கணக்கு யாரிடம் கேட்பது?

மாமாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பதினொரு நாள் அவரை மறியலில் அடைத்து வைத்திருந்து, கல் ஒன்றும் அகப்படாமல் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த ஜெயரூபியை ஒரு மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு குச்சவெளிக்குப் போனவர் இன்றுவரை இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கே வரவில்லை. அன்றைக்கு நீங்கள் பந்தலுக்குள் நின்று பெரியம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "கல்லுக்கள்ளன்ர மகள் கல்லுவீட்டுக்கே வந்திட்டாள்." நீங்கள் மெதுவாகச் சொன்னதாக நினைத்தீர்கள். மணவறையில் இருந்த அவளுக்குக் கேட்டது. இருபது வருசம் என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள்.

அப்பா எழுதினார் என்றால் ஏதோ கண்டுதான் எழுதியிருப்பார். ஆனால் மாமாவை நான் இருபது வருசமாகக் குச்சவெளியில் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறேன். பக்கத்து வளவுத் தேங்காய் விழுந்து உருண்டு வந்தால்கூடத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிசன் அவர். எனக்கு இரண்டையும் பொருத்த ஏலாமல் இருக்கிறது.

தனஞ்சயன்


உவர்மலை
2024 செப்டெம்பர் 27

தம்பி,

கல்யாண வீட்டில் நான் சொன்னதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

கடல் தெரிந்தெடுத்துக் கல் எடுக்காது. அந்த முகம் மேலிருந்து கீழாக, வரி வரியாகக் கழற்றப்பட்டிருக்கிறது. பின்னாலுள்ள மண்ணில் கடப்பாரை வைத்த தடம் இன்னும் தெரிகிறது. பக்கத்து முகத்தில் ஒரு கல்லும் அசையவில்லை. செய்தவனுக்குக் கட்டடம் தெரியும், தேவையான அளவும் தெரியும். இருநூற்றெட்டு எடுத்தான், இருநூற்றொன்பதாவதைத் தொடவில்லை.

இன்னொன்று. உங்கள் வடக்கறையின் வெளி நீளம் இருபத்திரண்டரை அடி. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் அடி கனம், அதை யன்னலில் பார்த்தேன். கழித்தால் உள்ளே பத்தொன்பது அடி இருக்கவேண்டும். ஆனால் நான் யன்னலால் எட்டிப் பார்த்தபோது மேற்குச் சுவர் கிட்ட நின்றது. கண்ணளவு எனக்குப் பிழைப்பதில்லை. உள்ளே அளந்து எழுது. நீ பொய் எழுதினால் எனக்குத் தெரியவரும்.

யசோதரா


நாச்சிமுனை
2024 ஒக்டோபர் 3

அக்காவுக்கு,

அளந்தோம். நாடாவின் ஒரு நுனியை ஜெயரூபி பிடித்தாள், மற்றதை நான். பதினேழு அடி. மூன்று தரம் அளந்தோம். ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆக, வெளியே நீங்கள் பிடித்த நாடாவும் பிழைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டடியில் ஏன் இப்படித் தொங்குகிறீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒல்லாந்தர் கோட்டையைப் பிடிக்க வந்தபோது நாச்சி தன் நகையை மாளிகைச் சுவருக்குள் வைத்துப் பூசினாள் என்று சின்ன வயதில் எங்களுக்கு ஒரு கதை சொல்வார்கள் அல்லவா? அந்தக் கதையை நம்புகிறீர்களா? உறுதி உங்கள் பெயரில், சுவரும் உங்கள் பெயரில், சுவருக்குள் இருப்பதும் உங்கள் பெயரில். இப்போது எல்லாம் விளங்குகிறது. ஜெயரூபி என்னைப் பேசினாள். "மச்சாள் எதுவும் செய்வா, ஆனா கதைக்குப் பின்னால போற ஆள் இல்லை" என்றாள். நான் எழுதினதை வெட்டவில்லை.

தனஞ்சயன்


உவர்மலை
2024 ஒக்டோபர் 9

தம்பி,

நாச்சியின் நகை உன் வீட்டுக் குசினியில் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முப்பத்தைந்து வருசத்தில் நான் இரண்டடி பிழைவிட்டதில்லை. வெளியே இருக்கும் இரண்டடி உள்ளே இல்லை என்றால் அது சுவருக்குள் இருக்கிறது. மேற்குச் சுவரைத் தட்டிப் பார். நீ அந்த அறையை ஏன் பூட்டி வைக்கிறாய்? என் முகத்தில் ஏன் பூட்டினீர்கள்? உண்மையில் உனக்குத் தெரியாதா, அல்லது தெரிந்துகொண்டுதான் கதை விடுகிறாயா? இருநூற்றெட்டுக் கல் கோட்டையில் குறைகிறது, இரண்டடி மாளிகையில் குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் என் மேசையில் கிடக்கின்றன.

இருபதாம் திகதிக்குள் பதில் வராவிட்டால் படத்தில் "வடக்கறை அளவு பொருந்தவில்லை" என்று எழுதிக் கொடுப்பேன். பிறகு அவர்களே வந்து அலவாங்கால் இடித்துப் பார்ப்பார்கள்.

யசோதரா


நாச்சிமுனை
2024 ஒக்டோபர் 16

அக்கா,

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

அந்த அறையைப் பூட்டுவது அப்பா காலத்துப் பழக்கம், வேறொன்றும் இல்லை. ஜெயரூபி சந்தைக்குப் போன நேரம் அறைக்குள் போனேன். கிழக்குச் சுவரைத் தட்டினால் ஒரு சத்தம், மேற்குச் சுவரைத் தட்டினால் வேறு சத்தம். கட்டிலை இழுத்துவிட்டு, நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் கையகலம் சாந்தைக் கொத்தினேன். முருகைக்கல். தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். சேவல் காலடி. பக்கத்தில் இன்னொரு கையகலம் கொத்தினேன். அதிலும் சேவல் காலடி. இரண்டுக்கும் இடையில் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒன்றரை அடி போய், பிறகு நாலு விரல் வெறுமை, அதற்குப் பின்னால்தான் மாளிகையின் பழைய சுவர்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது அக்கா. எனக்கு ஏழு வயதில், துவாரகன் அண்ணா கடலில் போய், அவருடைய எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த கையோடு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் நின்றா. நீங்கள் அப்போது கொழும்பில். திரும்பி வந்தபோது வடக்கறை முழுக்க ஈரச் சுண்ணாம்பு மணத்தது. அப்பா "வெள்ளை அடிச்சனான்" என்றார். அறை சின்னதாகிப் போனது எனக்குத் தெரியவில்லை. ஏழு வயதில் எந்த அறைதான் அளந்து தெரியும்?

அப்பாவின் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது கல். அப்பாவே மாமாவின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் என்ன நினைப்பது? கந்தோருக்கு இது தெரிந்தால் கோட்டைக் கல் இருக்கும் வீடு கோட்டையைச் சேர்ந்த வீடு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஜெயரூபிக்குத் தெரிந்தால் அவள் இந்த வீட்டில் ஒரு நேரம் உலை வைப்பாளோ தெரியாது. கொத்தின இடத்துக்கு முன்னால் கட்டிலை இழுத்து விட்டிருக்கிறேன். என் மனிசியிடம் ஒன்றை மறைத்து நான் இருப்பது இதுதான் முதல் தரம்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். மேற்குச் சுவரின் கனத்தை இரண்டடி கூட்டிப் போடுங்கள். அறை பதினேழு, சுவர் மூன்றே முக்கால். கணக்குச் சரிவரும். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

தனஞ்சயன்


உவர்மலை
2024 ஒக்டோபர் 23

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிப்பேன் என்று நீயும் நம்பியிருக்கமாட்டாய்.

நீ கேட்டபடியே செய்தேன். சுவரை மூன்றே முக்கால் அடியாகக் கீறினேன். ஒரு பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் முறைப்பாட்டுக்கு என்ன பொருள் என்று தெரியாமல் அந்தக் கோட்டை மையால் போட எனக்குக் கை வரவில்லை. திங்கட்கிழமை புல்மோட்டை பஸ்ஸில் ஏறிக் குச்சவெளியில் இறங்கினேன்.

சிவகுரு மாமா படலையடியில் கதிரை போட்டு இருந்தார். எண்பத்திரண்டு வயது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் ஒன்றும் கேட்கமுதல், "சுவர் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஏன் வந்தனீ?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் நாள் போனது உனக்குத் தெரியும். பிறகு துவாரகன் கொட்டியாரக் குடாவில் வள்ளம் கவிழ்ந்து போனான். உடலும் கிடைக்கவில்லை. எட்டுச்செலவுக்கு வந்த ஆசாரி ஒருவர் வடக்கறையைக் கயிற்றால் அளந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், உள்கூடு பத்தொன்பது அடி, மனையடி சாஸ்திரத்தில் அது பிள்ளை தங்காத அளவு என்று. "இது நாச்சிக்கு அளந்த அறை. அவளுக்குப் பிள்ளை இல்லை, வம்சமும் இல்லை. கோட்டை அந்நியன் கைக்குப் போனது அதாலதான். குடும்பம் இருக்கிற வீட்டுக்கு இந்த அளவு ஆகாது. பதினேழாக்கு. ஏன் ஆக்கினதெண்டு மிச்சமிருக்கிற பிள்ளையளின்ர காதில மட்டும் விழக்கூடாது. விழுந்தா சுவருக்குப் பலன் இல்லை."

இரண்டடி கனத்தில் சுவர் எழுப்பக் கல் வேண்டும். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம். சீமெந்தும் வராது, செங்கல்லும் வராது. முப்பது வருசத்தில் ஒரு பிள்ளையைக்கூடக் கோட்டை மதிலில் கல் எறிந்து விளையாட விடாத அப்பா, தானே கடப்பாரை எடுத்துக்கொண்டு போனார். வண்டி சிவகுரு மாமாவுடையது. கல் கழற்றினது அப்பா, ஏற்றினது மாமா. இருபது நடை. ஒவ்வொரு நடைக்கும் வண்டி மாமாவின் வளவால் சுற்றித்தான் மாளிகைக்கு வந்தது, தெருவில் பார்க்கிறவர்கள் கேட்காமல் இருக்க.

அந்த வருசக் கடைசியில் கொஞ்சம் அமைதி வந்தபோது நகரத்திலிருந்து ஆட்கள் வந்து கொத்தளத்தைப் பார்த்துவிட்டு, கல் எங்கே என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். காவலாளியே எடுத்தான் என்றால் வேலையும் போகும், சுவரும் போகும். அப்பா எழுதிக் கொடுத்தார்: வண்டித்தடம் சிவகுருநாதன் வளவுக்குப் போகிறது என்று.

"கொப்பர் பொய் எழுதேல்லை பிள்ளை. தடம் என்ர வளவுக்குத்தானே போனது" என்று மாமா சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"என்னெண்டு திறக்கிறது? திறந்தா சுவரை இடிப்பினம். இடிச்சா நீயும் தனஞ்சயனும். துவாரகனைத் தேடி மூண்டு நாள் கடலில திரிஞ்சவன் நான். இன்னொண்டுக்குத் தேடிப் போக எனக்கு ஏலாது. ரெண்டு கிழமையில ஊர் மறந்திடும் எண்டு நினைச்சன். ஊர் மறக்கேல்லை."

அப்பாவை மன்னித்துவிட்டாரா என்றும் கேட்டேன். "கொப்பர் வருசா வருசம் மாசியில வருவார். இந்தப் படலைக்கு வெளியில நிப்பார். நான் உள்ளுக்கு வா எண்டு கூப்பிடேல்லை. செத்த வருசமும் வந்து நிண்டவர். அண்டைக்காவது கூப்பிட்டிருக்கலாம்." பிறகு, "என்ர பெட்டையைத் தனஞ்சயன் கேட்டு வந்தபோது நான் மறுக்கேல்லை. அந்தச் சுவருக்குள்ள இருந்தா அவளின்ர பிள்ளையளும் இருக்குங்கள்தானே" என்றார். நான் எழும்பும்போது, "இப்ப நீங்கள் ரெண்டு பேரும் நரைச்சுப்போனியள். இனி உங்கட காதில விழலாம்" என்றார்.

தம்பி, கல்லுக்கள்ளன் என்று நான் சொன்னது எனக்காகப் பதினொரு நாள் மறியலில் இருந்த மனிசனை. உண்மையில் கல்லுக்கள்ளன் மகள் நான்தான். வெட்கமாக இருக்கிறது. உன்னை நம்பாமல் எழுதின ஒவ்வொரு வரிக்கும் வெட்கமாக இருக்கிறது. போன வருசம் உன் கதையைப் பதிந்து போட்டுக் காட்டினதும் பிழை.

இரண்டு படம் கீறி வைத்திருக்கிறேன். ஒன்றில் மேற்குச் சுவர் மூன்றே முக்கால் அடி. அதைக் கொடுத்தால் எல்லை அகழியோடு நிற்கும், வீடு உங்களுக்கு இருக்கும், 1987ஆம் ஆண்டு முறைப்பாடும் இருந்தபடியே இருக்கும். மற்றதில் உள்சுவரைத் தனியாகக் காட்டி, கல் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது என்று எழுதியிருக்கிறேன். அதைக் கொடுத்தால் மாமாவின் பெயர் திரும்பி வரும், வீடு கோட்டுக்குள் போகும். எதைக் கொடுப்பது என்று ஜெயரூபி சொல்லட்டும். எனக்கோ உனக்கோ அந்த உரிமை இல்லை. கடிதத்தை முழுக்க அவவுக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே.

யசோதரா


நாச்சிமுனை
2024 ஒக்டோபர் 28

அக்கா,

முதலில் உண்மையைச் சொல்கிறேன். கடிதத்தைப் படித்ததும், இதிலும் நீங்கள் ஏதாவது தந்திரம் வைத்திருக்கிறீர்களோ, வீட்டை நாங்களாகவே விட்டுக் கொடுக்க வைக்கப்பார்க்கிறீர்களோ என்றுதான் யோசித்தேன். பழக்கம் இலேசில் போகாது. குச்சவெளிக்குப் போய் மாமாவிடமே கேட்டுவிட்டு வந்துதான் ஜெயரூபிக்கு வாசித்தேன்.

அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசித்து முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை, வெட்டவும் இல்லை. பிறகு எழும்பிக் கையைக் கழுவிவிட்டு வடக்கறைக்குப் போனாள். கட்டிலை அவளே இழுத்தாள். நான் கொத்தின இடத்தைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தாள். அடுத்த நாள், "எத்தினை நாள் கட்டிலால மறைச்சு வச்சிருந்தனீங்கள்?" என்று மட்டும் ஒருதரம் கேட்டாள். பத்து நாள் என்றேன்.

இன்றைக்குக் காலையில் சொன்னாள். "நான் பள்ளிக்கூடம் போன நாளிலயிருந்து கல்லுக்கள்ளன்ர மகள். என்ர நிவேதிகாவுக்கும் போன மாசம் ஒருத்தி கல்லுக்கள்ளன்ர பேத்தி எண்டு சொல்லியிருக்கிறாள். வீடு கட்டலாம். மச்சாளை ரெண்டாவது படத்தைக் குடுக்கச் சொல்லுங்கோ."

வீடு போகுமே என்றேன். "போகட்டும். அப்பா உங்களுக்கெண்டு ஒரு ஊரையே விட்டவர்" என்றாள்.

கொடுத்துவிடுங்கள் அக்கா.

தனஞ்சயன்


உவர்மலை
2024 நவம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுக் கொடுத்தேன். பிரதி ஒன்று இதோடு வருகிறது. வடக்கறையில் எழுதியிருப்பதை ஜெயரூபிக்கு வாசித்துக் காட்டு:

"உள்சுவர், 1987. கல் 208, கோட்டை வடமேற்குக் கொத்தளத்தின் உள்முகத்திலிருந்து. எடுத்தவர் கோட்டைக் காவலாளி இராசநாயகம். அதே ஆண்டு முறைப்பாட்டில் பெயர் குறிக்கப்பட்ட சிவகுருநாதன் இக்கற்களைத் தமக்கென எடுக்கவில்லை. அளந்து வரைந்தவர் இராசநாயகத்தின் மகள் யசோதரா."

வாங்கின அதிகாரி கடைசி வரியை அழிக்கச் சொன்னார். படத்தில் தகப்பன் பெயர் போடும் வழக்கம் இல்லையாம். நான் அழிக்கவில்லை.

யசோதரா


நாச்சிமுனை
2024 டிசெம்பர் 11

அன்புள்ள அக்கா,

போன கிழமை அதிகாரிகள் வந்தார்கள். மழைக்குள் நின்று வீட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் மை பூசிவிட்டுப் போனார்கள். மாளிகை கோட்டுக்குள். ஆறு மாதத்துக்குள் எழும்பவேண்டிவரும் போல. இலங்கைத்துறையில் ஒரு வளவு பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு காரியம் நடந்திருக்கிறது, நீங்கள் சிரிப்பீர்கள். வடக்கறைச் சுவரும் பாதுகாக்கப்பட்ட சுவராம். இனி அதில் ஒரு ஆணி அடிக்கவும் ஆருக்கும் அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். முப்பத்தேழு வருசத்துக்குப் பிறகு. றிஸ்வி பஸ்ஸை எங்கள் ஒழுங்கை வாசலிலேயே நிறுத்தி, தானே கையைப் பிடித்து இறக்கிவிட்டான். உங்கள் படத்தின் பிரதியைச் சங்கக் கடையில் ஜெயரூபி ஒட்டியிருந்தாள். அதனால் தெருவில் கனபேர் நின்றார்கள். மாமா ஒருவரையும் பார்க்கவில்லை.

நேரே வடக்கறைக்குப் போனார். சுவரில் கையை வைத்தார். தர்மிகனும் நிவேதிகாவும் வாசலில் நின்றார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டும் சுகமோ?" என்று கேட்டார். ஓம், சுகம் என்றேன். உங்களையும் கேட்டார். சுகம் என்றேன். "அப்ப சரி, நல்ல கல்லு" என்றார். பிறகு இருந்து சாப்பிட்டார். ஜெயரூபி அவருக்குப் பரிமாறும்போது அழுதாள். அவர் அழவில்லை, இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

அவள் உங்களை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் பேச்சு விழும். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று வாசித்துவிட்டு, ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்.

"மச்சாளை வரச் சொல்லுங்கோ. தேத்தண்ணி குடிக்கிற நேரத்தோட வரச் சொல்லுங்கோ. நாடாவை வீட்டில வச்சிட்டு வரட்டும்."

தனஞ்சயன்